சுரங்கப்பாதை ஃபேன்: இரண்டாவது மட்டும் ஏன் கிளம்பவில்லை?

மார்ச் 3, மாலை

வந்த கேள்வி இது: "சுரங்கப்பாதைக் காற்றோட்டத்துக்கு ஒரே காற்று அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆக்ஸியல் ஃபேன் (காற்றைத் தண்டின் திசையிலேயே நேராகத் தள்ளுவது). இரண்டும் 110 கிலோவாட், நிமிடத்துக்கு 1480 சுற்று, ஸ்டார்-டெல்டா (முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்பில் முழு வோல்டேஜ்). முதல் ஃபேனில் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாவதைப் போட்டால் ஸ்டாரில் 12 விநாடி முனகுகிறது, டெல்டாவுக்கு மாறி 7, 8 விநாடியில் ஓவர்லோடு ரிலே (அதிகக் கரண்ட் நீடித்தால் மோட்டாரை நிறுத்துவது) விழுகிறது. பத்துக்கு ஏழு தடவை இப்படித்தான். மோட்டாரை ஒருமுறை ரீவைண்டிங் செய்தாயிற்று. ரிலேயை 113-லிருந்து 140 ஆம்பியருக்கு ஏற்றியும் பார்த்தோம். மோட்டாரே மோசம் என்று நினைக்கிறேன். மாற்றச் சொல்லிவிடலாமா?"

மார்ச் 3, இரவு

மாற்ற வேண்டாம். மோட்டார் மீது பழி போட இன்னும் ஒரு அளவீடுகூட நம்மிடம் இல்லை.

முதல் வேலையாக ரிலேயைத் திரும்ப 113-க்கு இறக்குங்கள். 110 கிலோவாட் மோட்டாருக்கு 400 வோல்ட்டில் முழு லோடு கரண்ட் ஏறத்தாழ 195 ஆம்பியர். ஸ்டார்-டெல்டாவில் ரிலே வைண்டிங் பக்கத்தில் இருந்தால் அதன் வழியே போவது இதில் 58 சதவீதம், அதாவது 113. முதலில் வைத்தவர் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். 140 என்று வைத்தால், லைனில் 241 ஆம்பியர் வரை போனாலும் பரவாயில்லை என்று மோட்டாரிடம் சொன்ன மாதிரி. ரீவைண்டிங் செய்த வைண்டிங்குக்கு அது கெடுதல்.

அப்புறம் நான்கு விஷயம் வேண்டும். கிளம்பும்போது மோட்டார் முனையில் வோல்டேஜ் எவ்வளவு (பேனலில் அல்ல, முனையில்). மூன்று ஃபேஸிலும் கரண்ட். ஸ்டாரில் எத்தனை விநாடி, அந்த நேரத்தில் எத்தனை சுற்று எட்டியது. கடைசியாக, பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அந்த ஃபேன் என்ன செய்துகொண்டிருக்கிறது.

நாளைக்கு டேம்பரை (காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டைக் கதவு) மூடி வைத்துக் கிளப்பிப் பாருங்கள், லோடு குறையும்.

மார்ச் 4, விடிகாலை

நேற்று கடைசியாக எழுதிய டேம்பர் வரி தவறு. தூக்கம் கலைந்ததும் முதலில் அதுதான் உறுத்தியது. செய்யாதீர்கள்.

சென்ட்ரிஃப்யூகல் ஃபேனில் (காற்றை நடுவில் இழுத்து விளிம்புப் பக்கம் வீசுவது) காற்றோட்டம் குறைந்தால் பவரும் குறையும். அதனால் டேம்பரை மூடிக் கிளப்பி, வேகம் பிடித்ததும் திறப்பது பழைய வழக்கம். என் கைப்பழக்கமும் அதுதான். ஆக்ஸியல் ஃபேனில் கதை தலைகீழ். காற்று போக வழியில்லாமல் முழு வேகத்தில் சுற்றினால் பிளேடுகள் ஸ்டாலில் விழும் (காற்று பிளேடை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும்), பவர் ஏறும், பிளேடு அதிரும். வைப்ரேஷன் ஸ்விட்ச் வேறு தன் பங்குக்கு டிரிப் கொடுக்கும்.

மார்ச் 4, மதியம்

கேட்டவரின் பதில் வந்தது. டெல்டாவுக்கு மாறும்போது பேனலில் 385 வோல்ட், மோட்டார் முனையில் 350. மூன்று ஃபேஸும் கிட்டத்தட்ட சமம். வேகம் பார்க்கவில்லை. நான்காவது கேள்விக்கு, "நேரில் போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருக்கிறது" என்கிறார்.

மூன்று ஃபேஸும் சமம் என்றால் ஃபியூஸ் போனது, காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மின்காந்த ஸ்விட்ச்) முனை தேய்ந்தது, ஒரு ஃபேஸ் விட்டுப்போனது எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ரோட்டரில் (மோட்டாரின் சுழலும் பகுதி) உள்ள பார், அதாவது கடத்திக் கம்பி, முறிந்திருந்தால் கரண்ட் முள் மேலும் கீழும் ஊசலாடும், அதுவும் இல்லை.

350 வோல்ட் கவலை தருகிறது. முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 400-க்கு 350 என்றால் 87.5 சதவீதம், வர்க்கம் எடுத்தால் 77. முறுக்குவிசையில் கிட்டத்தட்ட கால்வாசி கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் போய்விட்டது. ஆனால் முதல் ஃபேனுக்கும் அதே ஃபீடர், அதே நீளக் கேபிள். அது மட்டும் எப்படிக் கிளம்புகிறது? ஆகவே இது பலவீனம்தான், இதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

மார்ச் 5

ஒரு பரிசோதனை சொல்கிறேன், செலவே இல்லை. நாளைக்கு வரிசையை மாற்றுங்கள். இரண்டாவது ஃபேனை முதலில் போடுங்கள், அது ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாவதைப் போடுங்கள்.

மார்ச் 6, காலை

காத்திருக்கும் நேரத்தில் இதை ஏன் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு இணை ஃபேன் அமைப்பில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். கண்ட்ரோல் அறையில் டேம்பர் "மூடியது" என்று பச்சை விளக்கு எரிந்தது. ரிலே மாற்றினோம், காண்டாக்டர் மாற்றினோம், கேபிளை மெக்கர் (இன்சுலேஷன் எதிர்ப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தோம். மூன்றாம் நாள் இரவு, சத்தம் அடங்கிய நேரத்தில், உடன் வந்த ஃபிட்டர் காதை ஃபேன் கூட்டின் மேல் வைத்து "உள்ளே ஏதோ சுற்றுகிறது" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் நின்றிருக்க வேண்டிய ஃபேன் மெல்லப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டேம்பரின் பல பட்டைகளில் இரண்டின் இணைப்புக் கம்பி கழன்று அவை திறந்தே தொங்கின. திறந்ததா மூடியதா என்று சொல்லும் லிமிட் ஸ்விட்ச் இருந்தது இயக்கியின் தண்டில். தண்டு திரும்பிவிட்டது, பட்டை திரும்பவில்லை. தண்டு மூடியதைப் பார்த்து பட்டையும் மூடியதாக நாங்கள் நம்பினோம். அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது சுற்றாத ஃபேன் சுற்றுகிறதா என்பதைத்தான்.

ஓடும் ஃபேன் தள்ளும் காற்றுக்குச் சுரங்கப்பாதை ஒரு வழி, பக்கத்து ஃபேன் இன்னொரு வழி. பக்கத்து ஃபேன் வழியாகத் திரும்பி வரும் காற்று அதைத் தலைகீழாகச் சுற்றவிடும். ரயில் போகும் சுரங்கமானால் ரயில் தள்ளும் காற்றே போதும். இரண்டு வாசலுக்கும் உயர வித்தியாசம் இருந்தால் இயற்கைக் காற்றோட்டமும் அதைச் செய்யும்.

மார்ச் 7

மாற்றிப் போட்டுவிட்டார். இரண்டாவது ஃபேன், அந்த "மோசமான" மோட்டார், முதலில் போட்டபோது ஒரே தடவையில் கிளம்பியது. அடுத்துப் போட்ட முதல் ஃபேன், இத்தனை நாள் நல்ல பிள்ளையாக இருந்தது, டெல்டாவில் விழுந்துவிட்டது.

ஆக, தொல்லை இரண்டாவது இடத்தில் இருக்கிறது, இரண்டாவது மோட்டாரில் இல்லை. வரிசையில் பின்னால் நிற்பது யாராக இருந்தாலும் அவருக்குத்தான் அடி. ரீவைண்டிங் கடைக்குப் போன அந்த மோட்டாரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மார்ச் 7, இரவு

"ஆனால் ஃபேன் நின்றுகொண்டுதான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன்" என்று மறுபடி எழுதியிருக்கிறார். நம்புகிறேன். எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஸ்டார்ட் கொடுத்ததும் முதலில் நடப்பது என்ன? டேம்பர் திறக்கிறதா, மோட்டார் கிளம்புகிறதா?

மார்ச் 8

டேம்பர் முழுவதும் திறக்க 45 விநாடி. முழுவதும் திறந்தது என்று லிமிட் ஸ்விட்ச் சொன்ன பிறகுதான் காண்டாக்டர் இழுக்கும். அவர் பார்த்தது டேம்பர் மூடியிருந்தபோது. அந்த 45 விநாடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை, பார்க்கும் இடத்தில் யாரும் நிற்பதும் இல்லை.

பார்வைத் துவாரம் இருந்தால் ஸ்ட்ரோப் விளக்கு, இல்லையென்றால் கப்ளிங்கிலோ ஷாஃப்டிலோ பளபளக்கும் ஒட்டுப்பட்டை ஒட்டி டேக்கோமீட்டர். பாதுகாப்புக் கூண்டைக் கழற்றிவிட்டு யாரும் கையை உள்ளே விட வேண்டாம், தலைகீழாகச் சுற்றும் ஃபேனும் விரலை எடுக்கும். காண்டாக்டர் இழுப்பதற்குச் சற்று முன் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

மார்ச் 9

தலைகீழாக 400 சுற்று.

மார்ச் 9, இரவு

இந்த எண்ணோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதன் விலை என்ன என்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் "கிளம்பிவிட்டால் சரி" என்று விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை.

இண்டக்‌ஷன் மோட்டார் ஒரு சக்கரத்தை நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குக் கொண்டுபோனால், சக்கரத்தில் சேரும் இயக்க ஆற்றல் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு வெப்பம் ரோட்டரிலும் சேரும். தயாரிப்பாளர் தாளில் ஃபேனின் நிலைமம் (சுழற்சி வேக மாற்றத்தை எதிர்க்கும் அளவு) 60 கிலோகிராம்-சதுர மீட்டர் என்கிறார். அப்படியானால் 1480 சுற்றில் ஆற்றல் சுமார் 720 கிலோஜூல். இரண்டு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அது முழுக்க ரோட்டர் பார்களிலும் முனை வளையங்களிலும் சில விநாடிகளில் இறங்குகிறது.

ஸ்லிப் என்பது 1500 சுற்றில் ஓடும் காந்தப்புலத்துக்கு ரோட்டர் எவ்வளவு பின்தங்குகிறது என்ற விகிதம், நின்ற நிலையில் அது 1. தலைகீழாகச் சுற்றும் சக்கரமானால் ஸ்லிப் 1-இல் தொடங்காது. 400 சுற்று என்றால் 1.27-இல் தொடங்கும், வெப்பம் ஸ்லிப்பின் வர்க்கத்தோடு ஏறும். 1.27-இன் வர்க்கம் 1.61. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் 60 சதவீதம் கூடுதல் சூடு. முழு வேகத்தில் தலைகீழாகச் சுற்றுவதை நிறுத்தித் திருப்பினால் நான்கு மடங்கு.

இதை ரிலே ஸ்டேட்டர் (மோட்டாரின் நிற்கும் பகுதி) கரண்ட் வழியாக மட்டுமே உணர்கிறது. வைண்டிங்கில் பதித்த பி.டி.100 வெப்ப உணரிக்கும் ரோட்டரின் சூடு நேராகத் தெரியாது. அதனால்தான் ரிலேயை ஏற்றியதை அன்றைக்கே இறக்கச் சொன்னேன். கெட்ட சேதி சொன்ன ஒரே ஆளை வாய்மூட வைத்திருந்தோம்.

மார்ச் 10

இன்னொரு வாசகர் நல்ல சந்தேகம் கிளப்பியிருக்கிறார்: "ஸ்டார்-டெல்டாவில் மெதுவாகத்தானே கிளம்புகிறது, மோட்டாருக்கு அது இதம் இல்லையா?"

லைனுக்கு இதம். ரோட்டருக்கு இல்லை. ஸ்டாரில் கரண்ட் மூன்றில் ஒரு பங்கு, முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் காற்று தன் எதிர்ப்பை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளாது. இந்த மோட்டாருக்கு நான் போட்ட தோராயக் கணக்கு: நேரடியாகப் போட்டால் சராசரி 1280 நியூட்டன்-மீட்டர், காற்று சராசரியாக 200 எடுக்கும், மீதி 1080 சக்கரத்தை முடுக்கும். ஸ்டாரில் 427, காற்று அதே 200, மீதி 227 மட்டும். 60 நிலைமத்தை விநாடிக்கு 155 ரேடியன் வேகத்துக்குக் கொண்டுபோக நேரடியில் 9 விநாடிக்குள், ஸ்டார் மட்டும் வைத்தால் 41 விநாடி. ரோட்டரில் சேரும் வெப்பம் நேரடியில் இயக்க ஆற்றலின் 1.2 மடங்கு, ஸ்டாரில் 1.9 மடங்கு. இழுத்து இழுத்துக் கிளப்புவது கனமான சக்கரத்துக்கு நல்லதே இல்லை. சாஃப்ட் ஸ்டார்ட்டரும் வோல்டேஜைக் குறைத்துத்தான் வேலை செய்கிறது, ஆகவே அதற்கும் இதே கணக்குதான்.

சரி, அப்படியானால் 12 விநாடி டைமர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி இப்போதுதான் எனக்கே வருகிறது.

மார்ச் 11

கேட்டவர் பழைய கோப்பைத் தோண்டி எடுத்துவிட்டார். ஸ்டார்ட்டர் கணக்குப் போட்ட தாளில் 60 என்ற எண்ணை ஜி.டி. ஸ்கொயர் (நிலைமத்தை எழுதும் இன்னொரு முறை) கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ஃபேன் தாளில் அது ஜே, அதாவது நிலைமமே. ஜி.டி. ஸ்கொயர் என்பது ஜே-யின் நான்கு மடங்கு. ஆகவே 60-ஐ நான்கால் வகுத்து, நிலைமம் 15 என்று எடுத்து, ஸ்டாரில் 10 விநாடியில் வேகம் பிடித்துவிடும் என்று முடிவுகட்டி, கொஞ்சம் தாராளமாக 12 வைத்திருக்கிறார்கள். உண்மைச் சக்கரம் நான்கு மடங்கு கனம்.

டேக்கோமீட்டர் இதை உறுதி செய்கிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பினால் 12-ஆவது விநாடியில் 640 சுற்று. பாதியைக்கூட எட்டவில்லை. அந்த இடத்தில் டெல்டாவுக்கு மாறுவது ஏறக்குறைய நேரடி ஸ்டார்ட் மாதிரி. முனையில் 350 வோல்ட்டுக்கு விழுந்ததன் காரணமும் இதுதான்.

மார்ச் 4-ஆம் தேதி வோல்டேஜ் குறைவைக் கேபிள் கணக்கில் மட்டும் எழுதினேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். கேபிள் பங்கு உண்டு, ஆனால் இவ்வளவு கரண்டை அந்த நேரத்தில் இழுக்க வைத்தது டைமர்.

மார்ச் 11, இரவு

இப்போது முழுப் படம் கிடைத்துவிட்டது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஃபேன் 12 விநாடி ஸ்டார், 6, 7 விநாடி டெல்டா என்று ரிலேயின் விளிம்பில் தப்பித்துவிடுகிறது. தலைகீழாக 400-இலிருந்து கிளம்பும் ஃபேன் ஸ்டார் நேரத்தின் பெரும்பகுதியை நிற்பதற்கே செலவழிக்கிறது. டெல்டாவில் இன்னும் 10 விநாடி தேவை. ரிலே அதற்கு முன்பே விழுகிறது. இருப்பது கிளாஸ் 10 ரிலே. வைத்த அளவின் 7.2 மடங்கு கரண்டில் 4 முதல் 10 விநாடிக்குள் விழ வேண்டும் என்பது அதன் விதி. கிளாஸ் 20-க்கு 6 முதல் 20, கிளாஸ் 30-க்கு 9 முதல் 30.

மார்ச் 12

"அப்படியானால் கிளாஸ் 30 வாங்கிப் போட்டுவிடட்டுமா?" என்கிறார். மோட்டார் தாளில் பூட்டிய ரோட்டர் (மின்சாரம் இருந்தும் சுழலாமல் நிற்பது) எத்தனை விநாடி தாங்கும் என்று சூடான நிலைக்கும் குளிர்ந்த நிலைக்கும் தனித்தனியாக இருக்கும். சூடான எண்ணுக்குள் ரிலே விழ வேண்டும். தாளைப் பார்க்காமல் வகுப்பை மாற்றினால், அது 140-க்கு ஏற்றியதன் அண்ணன்.

டைமரை 30 விநாடிக்கு நீட்டலாமா என்றும் கேட்டார். ஸ்டாரில் ரிலே வழியே வைத்த அளவின் ஏறத்தாழ 3.7 மடங்கு ஓடுகிறது. 30 விநாடிக்குக் கிளாஸ் 10 விட்டுவைக்காது. இப்போதைக்கு 12 அங்கேயே இருக்கட்டும்.

முதலில் டேம்பர் வரிசையைத் திருத்துங்கள். மோட்டாருக்கு ஸ்டார்ட், டேம்பருக்குத் திற, இரண்டும் ஒரே நேரத்தில். மார்ச் 4-இல் மூடிய டேம்பர் கூடாது என்று எழுதினேனே, அது முழு வேகத்துக்குப் பொருந்தும். மெதுவாகச் சுற்றும்போது காற்று எடுக்கும் முறுக்குவிசை வேகத்தின் வர்க்கமாகக் குறைவு. கால் வேகத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஆகவே முதல் சில விநாடி டேம்பர் பாதி மூடியிருந்தால் மோசமில்லை, முழு வேகத்தை நெருங்குவதற்குள் திறந்துவிட வேண்டும். உங்கள் டேம்பர் 45 விநாடி எடுப்பது இதற்கு அதிகம். இயக்கியின் வேகத்தைக் கூட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள். முழுவதும் திறந்தது என்ற சிக்னலை அழிக்க வேண்டாம். குறிப்பிட்ட விநாடிக்குள் வரவில்லை என்றால் மோட்டாரை நிறுத்தும்படி மாற்றிவையுங்கள்.

மார்ச் 12, பிற்பகல்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. இணை ஆக்ஸியல் ஃபேன்களில் இரண்டாவது ஃபேன் முழு வேகம் பிடித்த பிறகும் ஸ்டாலில் மாட்டிக்கொள்ளலாம். ஓடும் ஃபேன் உருவாக்கிய அழுத்தம், புதிய ஃபேனின் ஸ்டால் பள்ளத்தைவிட மேலே இருந்தால் அது மேலேறி வராது. சத்தம் கரகரப்பாக மாறும், கரண்ட் இரண்டுக்கும் வேறுவேறாக நிற்கும். அப்படி ஆனால் இரண்டையும் நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாகச் சில விநாடி இடைவெளியில் போடுங்கள், அல்லது ஓடும் ஃபேனின் வேகத்தைக் குறைக்க வசதி இருந்தால் குறைத்துவிட்டு மற்றதைச் சேருங்கள்.

மார்ச் 13

நடுவில் வந்த ஒரு கேள்விக்குச் சுருக்கமாக. தோண்டும் பணியில் இருக்கும் சுரங்கத்தில் துணிக்குழாய் வழியே காற்று அனுப்புபவருக்குப் பிரச்சினை வேறு. அங்கே ஃபேன் படாரென்று கிளம்பினால் சுருங்கிக் கிடக்கும் குழாய் ஒரே அடியில் உப்பி தையலில் கிழியும். அங்கே டிரைவ் (அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்து மெல்ல ஏற்றுவது சரி. டிரைவ் அதிர்வெண்ணையும் சேர்த்துக் குறைப்பதால் ஸ்லிப் சிறியதாகவே இருக்கும், ரோட்டர் சூடாகாது.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஃபேனானால் கிளப்பும் முன் மெக்கர். ஆயிரம் வோல்ட்டுக்குக் கீழே உள்ள சாதாரண வைண்டிங்குக்கு 5 மெகா ஓம் குறைந்தபட்சம் என்கிறது இன்சுலேஷன் சோதனைக்கான தரமான ஐ.இ.இ.இ. 43. ஈரமான சுரங்கத்தில் வைண்டிங் ஹீட்டர் உண்மையில் எரிகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். பேனலில் விளக்கு எரிவது போதாது.

மார்ச் 14

வரிசை மாற்றிவிட்டார்கள். டேம்பர் இயக்கியையும் சரிசெய்து 15 விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் ஸ்டார்ட் வெற்றி. "இப்போதே இன்னும் நாலு தடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தார். உடனே நிறுத்தச் சொன்னேன். குளிர்ந்த நிலையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு, ஓடிச் சூடான நிலையிலிருந்து ஒன்று, இவ்வளவுதான் சாதாரண மோட்டாருக்கு அனுமதி. அதற்குமேல் போட்டால் நாம் தேடி ஒழித்த சூட்டை நாமே உள்ளே வைக்கிறோம். நாளைக்குப் போடுங்கள்.

மார்ச் 16

மூன்று நாள் அளவுகள் வந்தன. இரண்டாவதாகப் போடும் ஃபேன் காண்டாக்டர் இழுக்கும் நேரத்தில் ஏறத்தாழ நின்ற நிலை. மொத்தம் 19 விநாடியில் முழு வேகம். ரிலே 113-இல். வரிசையை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தார்கள், ஒருமுறையும் விழவில்லை. நேரடியாக லைனில் கிளம்பும் அவசர ஃபேன் 30 விநாடிக்குள் முழு வேகம் எட்ட வேண்டும் என்கிறது ரயில் சுரங்கங்களின் தீப்பாதுகாப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 130, டிரைவில் ஓடினால் 60. இந்த 19 அதற்குள் அடங்குகிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. புகை நிரம்பும் நேரத்தில் கிளம்ப மறுக்கும் ஃபேன் என்பது ரிலே பிரச்சினை மட்டும் இல்லை.

ஆனாலும் 19 விநாடி கிளாஸ் 10-இன் விளிம்புதான். கோடையில் வோல்டேஜ் இன்னும் இறங்கினால் மறுபடி விழலாம். ஓடும் ரோட்டரைப் பிடித்துக்கொள்ளும் வசதியுள்ள டிரைவ் கேட்டு எழுதியிருப்பதாகச் சொல்கிறார். கேட்கும் கடிதத்தில் நிலைமம் ஜே 60 என்று எழுதி, ஜி.டி. ஸ்கொயர் 240 என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன்.

மார்ச் 17

ரீவைண்டிங் செய்த மோட்டாரைப் பற்றிக் கேட்டிருந்தார். கழற்ற வேண்டாம். ஓடட்டும். மாதம் ஒருமுறை ஸ்டார்ட் நேரத்தை மட்டும் எழுதி வையுங்கள். 19 என்பது 21, 22 என்று நகர ஆரம்பித்தால் பிளேடில் தூசி படிந்திருக்கும், இல்லையென்றால் பேரிங், இல்லையென்றால் டேம்பர் மறுபடி மெதுவாகியிருக்கும். அப்போது எழுதுங்கள், பார்க்கலாம்.